யார் வைத்த போஸ்?

கிணத்துக்கடவில் ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தில் கால் வைத்த முதல் வருஷத்திலேயே இரண்டு மூன்று வேடம் கட்டிவிடும். கிருஷ்ண ஜெயந்திக்குக் கண்ணன் அல்லது ராதை. ஆண்டு விழா மாறுவேடப் போட்டிக்குப் பாரதியார், காந்தி, வேலு நாச்சியார் என்று யாருடைய உடை வாடகைக்குக் கிடைக்கிறதோ அவர். தைப்பூசத்துக்குப் பொன்மலை வேலாயுதசாமி கோயில் படியேறும்போது நெற்றி நிறையத் திருநீறும் கையில் சின்ன வேலும். ஒவ்வொன்றுக்கும் படம் உண்டு. எடுத்த சற்று நேரத்தில் அது வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும், அங்கிருந்து கோயமுத்தூர் அத்தையின் ஸ்டேட்டஸுக்கு. படம் எடுக்காத வேடம் இன்றைக்குக் கட்டாத வேடத்துக்குச் சமம்.

இப்படிக் குவியும் படங்களில் எதை ஆவணப் படம் என்று நின்று பார்ப்பது? குழந்தை நடிக்கிறது என்று நன்றாகத் தெரியும் ஒரு படத்தை நல்ல படம், சுமாரான படம், எடுத்தே இருக்கக் கூடாத படம் என்று எதைக் கொண்டு பிரிப்பது? நம்மிடம் இருக்கும் அளவுகோல் பழையது. இயல்பாக இருக்கிறதா, செயற்கையாக இருக்கிறதா என்று மட்டும் அது கேட்கும். ஆள் அறியாமல் எடுத்தால் ஆவணம், போஸ் கொடுத்தால் ஸ்டுடியோ சமாச்சாரம் என்பது பத்திரிகைப் படக்காரர்கள் பலரும் இன்றும் நம்பும் கணக்கு. குழந்தை வேடத்துக்கு முன்னால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே நடந்த உண்மையே வேடம்தான். அதை விலக்கிவிட்டு இயல்பைத் தேடுபவர் வேறு எதையோ படம் எடுத்துக்கொண்டு வருவார். ஆகவே போஸ் இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, அது யார் வைத்த போஸ் என்று கேட்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கான பதிலில் பாதி படத்துக்குள்ளேயே கிடைக்கும். மீதிக்குப் படத்துக்கு வெளியே போய் விசாரிக்க வேண்டும்.

படத்துக்குள் எங்கே தேடுவது? ஏதாவதொரு ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்றால் போதும். ரோஸ் பவுடர் தாடையோடு நின்றுவிடும், கழுத்து அதன் சொந்த நிறத்தில் இருக்கும். பாரதியாரின் மீசை ஐப்ரோ பென்சிலில் வரைந்தது. மாம்பழ ஜூஸ் குடித்ததில் ஒரு பக்கம் கரைந்திருக்கும். வேலு நாச்சியாரின் வாள் அட்டையில் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டியது. பிடி மடங்கிப்போனதால் செல்லோ டேப் சுற்றியிருப்பார்கள். கண்ணனின் கிரீடம் இரண்டு அளவு பெரியது, பின்மண்டையில் ஊக்கு குத்தித்தான் நிற்கும். பாரத மாதாவின் சேலைக்கு அடியில் ரப்பர் செருப்பு தெரியும். ‘கண்ணு, இங்க பாரு சாமி, கையத் தூக்கு’ என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். வேடம் முடிந்து குழந்தை தொடங்குகிற ஓரம் இதுதான். கூர்மையான படக்காரர் நிற்கும் இடமும் இதுதான்.

ஸ்டுடியோக்காரர் இந்த ஓரத்தை வெட்டிவிடுவார். அது அவர் தொழில் நேர்மை, காசு கொடுப்பவர் கேட்பது அதைத்தான். செல்போன் ஃபில்டர் கழுத்தையும் முகத்தையும் ஒரே நிறமாக்கிவிடும். ஆவணக்காரர் ஓரத்தை அப்படியே விட்டுவைப்பார். ஆனால் விட்டுவைப்பதிலும் வித்தியாசம் உண்டு. கரைந்த மீசையைக் கண்டு பெரியவர்கள் சிரிக்கட்டும் என்று எடுத்த படம் ஒன்று. கரைந்த மீசையோடும் மேடையேறி நாலு வரி சொல்லிவிட்டு இறங்கிய அந்தப் பிள்ளையின் உழைப்பு தெரியட்டும் என்று எடுத்த படம் இன்னொன்று. இரண்டிலும் கேமரா ஒன்றாக இருக்கலாம், வெளிச்சமும் ஒன்றாக இருக்கலாம். உயரம் மட்டும் பெரும்பாலும் வேறாக இருக்கும். முதல் படக்காரர் நின்றபடி எடுத்திருப்பார், இரண்டாமவர் குத்தவைத்து உட்கார்ந்து எடுத்திருப்பார்.

குழந்தைக்குப் போஸ் வைக்கும் பழக்கத்தைச் செல்போன் கொண்டுவரவில்லை. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை ஸோயி ஹெட்லியும் அவர் குழுவினரும் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியாகத் தேடித் திரட்டி மின்மயமாக்கினார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு உதவியது. 1880 முதல் 1980 வரையிலான ஒரு நூற்றாண்டை அந்தச் சேகரம் குறிவைத்தது. அந்த நூற்றாண்டின் மிச்சம் நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும் கிடக்கிறது. குப்புறக் கிடந்து தலை தூக்கும் கைக்குழந்தை. முடி இறக்குவதற்கு முன்னால் பாவாடை கட்டி, பொட்டு வைத்து, பூச்சூட்டி எடுத்த ஆண் பிள்ளை. கண்ணாடி முன்னால் நிற்கும் பூச்சடைச் சிறுமி. இவை ஒவ்வொன்றும் தனி வகை. எந்த ஊர் ஸ்டுடியோவுக்குப் போனாலும் இதே வகைகள்தான் கிடைக்கும்.

குப்புறக் கிடக்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இரண்டாவது செங்கீரை. குழந்தை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலை நிமிர்த்தி ஆடுகிற ஐந்தாம் மாதத்து நிலை அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடியதிலிருந்து இந்தப் பருவங்கள் நம்மிடம் இருக்கின்றன. ஸ்டுடியோ மேசைமேல் துண்டு விரித்துக் குப்புறப் போட்டு, கிலுகிலுப்பை ஆட்டித் தலையைத் தூக்கவைத்து எடுத்த படம் ஏறக்குறைய அதே நிலை. ஸ்டுடியோக்காரர் பிள்ளைத்தமிழ் படித்துவிட்டு வந்து வைத்த போஸ் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா நாட்டுக் குழந்தையும் அந்த மாதத்தில் தலை தூக்கத்தான் செய்யும், பிற நாட்டு ஸ்டுடியோக்களிலும் அந்தப் படம் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது வேறு. குழந்தையின் வளர்ச்சியைப் பார்த்து ரசிக்கத்தக்க நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் பெரியவர் ஒருவர் வசனம் எழுதுவது நமக்கு எண்ணூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். பிள்ளைத்தமிழில் புலவர் தாயாகப் பேசுவார், செவிலியாகப் பேசுவார், சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமிகளாகவும் பேசுவார். பாட்டுடைத் தலைவனான குழந்தை மட்டும் பேசாது.

பூச்சடைப் படம் குப்புறக் கிடக்கும் குழந்தையின் படத்தைவிடச் சிக்கலானது, நேர்மையானதும்கூட. சவுரி வைத்துப் பின்னி, வாழை நாரில் மல்லிகையும் கனகாம்பரமும் தைத்து, குஞ்சம் கட்டி முடிக்கப் பெண்களுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். அத்தனை உழைப்பும் முதுகுப் பக்கம் இருக்கிறது. முகமும் வேண்டும், சடையும் வேண்டும். அதனால் சிறுமியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தி, கேமரா கண்ணாடியில் விழாத கோணத்தில் எடுப்பார்கள். சடை இழுக்கிற இழுப்பில் பிள்ளைக்குச் சிரிப்பு வராது. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். ஒரே சட்டகத்துக்குள் அலங்காரம் ஒரு பக்கம், அதைச் சுமப்பவளின் சலிப்பு ஒரு பக்கம். இதைத் தமிழ் ஸ்டுடியோவின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். செயற்கையை அது மறைக்கவே இல்லை. கண்ணாடி வைத்து இரண்டு முறை காட்டுகிறது. ஆனாலும் கேள்விக்குப் பதில் மாறவில்லை. போஸ் வைத்தது அம்மாவும் சித்தியும் ஸ்டுடியோக்காரரும்தான். நிற்பது மட்டும் அவள் வேலை.

இன்றைக்குப் பூப்புச் சடங்கான திரட்டிச் சீருக்கு மண்டப வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸும் அந்தப் படத்தின் வழியில் வந்ததே. கண்ணாடி போய்விட்டது, சினிமா நாயகியின் நிற்கும் தோரணை வந்துவிட்டது, பின்னால் இல்லாத அருவி கொட்டுகிறது. சலித்த முகம் மட்டும் ஃபோட்டோஷாப்பில் காணாமல் போயிற்று. நஷ்டம் அதுதான்.

குழந்தையே போஸ் வைத்தால் படம் எப்படி இருக்கும்? இந்தியாவில் இதற்கு நான் காட்டக்கூடிய சிறந்த உதாரணம் ராஜஸ்தானில் இருக்கிறது. பிக்கானேர் மாவட்டத்து லூண்கரண்சரில் ஊர்முல் சேது சன்ஸ்தான் என்ற தொண்டு அமைப்பு 2003இல் வளரிளம் பெண்களுக்காகப் பாலிகா மேளா ஒன்று நடத்தியது. எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து ஏறக்குறைய 1,500 பெண்கள் வந்தார்கள். ராட்டினம், மந்திரவாதி, பொம்மலாட்டம், போட்டிகள் என்று ஒரு முழுத் திருவிழா. அங்கே ஒரு கூடாரத்தில் புகைப்படக் கடை போட்டவர் கௌரி கில். சண்டிகரில் 1970இல் பிறந்தவர். பாலைவனத்து மக்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்த ‘நோட்ஸ் ஃப்ரம் தி டெசர்ட்’ தொடருக்காகப் பின்னாளில், 2023இல், ப்ரி பிக்டே பரிசு பெற்றவர்.

அந்தக் கடையின் நடைமுறையை அவரே எழுதியிருக்கிறார். உள்ளூர் ஸ்டுடியோவிலிருந்தும் துணிக்கடையிலிருந்தும் சொற்பக் காசுக்குக் கிடைத்த பின்திரைகள், கொஞ்சம் பொருள்கள். பாலைவனக் காற்று எல்லாவற்றையும் அடிக்கடி சாய்த்துப் போட்டுவிடும். கூடாரத் துணி வழியாக இறங்கும் வெளிச்சம். யாரோடு நிற்பது, எப்படி நிற்பது என்பதை வந்த பெண்களே முடிவு செய்தார்கள். உயிர்த்தோழியோடு, அன்றைக்குக் கிடைத்த புதுத் தோழியோடு, அக்காவோடு, ஒட்டிக்கொண்டு வந்த தம்பியோடு, டீச்சரோடு. படங்களில் கண்ணைப் பிடிக்கும் மயிலும் காகிதத் தொப்பிகளும் அவர்களே கொண்டுவந்தவை. விருப்பப்பட்டவர்கள் படத்தைச் சலுகை விலையில் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் படங்களின் முன்னால் ‘இயல்பா, செயற்கையா’ என்ற கேள்வி செத்துப்போகிறது. பின்திரை துணி என்பது தெரிகிறது, தொப்பி காகிதம் என்பதும் தெரிகிறது. பெண்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், தோளில் கைபோடுகிறார்கள், கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். எல்லாம் போஸ். ஆனால் ஒவ்வொரு போஸும் ஒரு தேர்வு. நம் ஊர்ப்பக்கமும் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குச் சமீப காலம்வரை படம் என்பது அரசாங்க அட்டைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும்தான். அந்த இரண்டிலும் எப்படி நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். தனக்காக ஒரு முறை நின்று பார்க்கலாம் என்ற வாய்ப்பைத்தான் லூண்கரண்சர் கூடாரம் கொடுத்தது. அந்த வாய்ப்பை அவர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதற்கு இந்தப் படங்கள் ஆவணம். இதைவிடக் கறாரான ஆவணம் வேண்டுமென்றால் எனக்குத் தெரியவில்லை.

கில்லின் வேலையை நான் முதல் வரிசையில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்குப் படத்தில் நின்ற பெண்களில் சிலர் அதே வருஷம் தொடங்கிய பயிற்சியில் புகைப்படம் கற்றுக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த மேளாவை அவர்களே படம் எடுத்தார்கள். 2010இல் கில் திரும்பப் போய் வண்ணத்தில் எடுத்தார். 2012இல் சூரிச்சில் எடிஷன் பாட்ரிக் ஃப்ரை பதிப்பகம் இரண்டையும் புத்தகமாக்கியது. இங்கே ஒரு முனகலும் இருக்கிறது. போஸ் பெண்களுடையது என்றாலும் எந்தப் படம் புத்தகத்துக்குப் போகும், எது போகாது என்ற தீர்ப்பு கில்லுடையது. சலுகை விலையில் ஒரு குடிசைச் சுவருக்குப் போன அதே படம் கலைக்கூடச் சுவரில் வேறு விலைக்குத் தொங்கும். இதற்காக அவரைக் குற்றவாளியாக்க மாட்டேன். ஆனால் மதிப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதற்கு உலகப் புகைப்பட வரலாற்றில் ஒரு சாட்சி இருக்கிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1962இல் டயான் ஆர்பஸ் எடுத்த, பொம்மைக் கையெறி குண்டு வைத்திருக்கும் பையனின் படம். மெலிந்த கால்கள், தோளிலிருந்து நழுவிய ஒரு வார், ஒரு கையில் குண்டு, மற்றக் கை நகம்போல் மடங்கியிருக்கிறது, முகத்தில் வெறி. ஒரு தலைமுறையின் பதற்றமே அந்தப் பையன்தான் என்று விமர்சகர்கள் எழுதித் தள்ளினார்கள். பின்னர் அந்தச் சுருளின் எல்லாக் கட்டங்களையும் ஒன்றாக அச்சிட்ட காண்டாக்ட் ஷீட் வெளிவந்தது. மற்றக் கட்டங்களில் அதே பையன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, எந்தப் பூங்காவிலும் பார்க்கக்கூடிய பிள்ளையாக நிற்கிறான். அந்த ஒரு நொடி முகம் பொய்யில்லை, அவன் காட்டியதுதான். ஆனால் விளையாடிக்கொண்டிருந்த பையனை வெறிபிடித்த பையனாக உலகத்துக்கு நிறுத்தியது ஆர்பஸின் பென்சில் போட்ட சுற்று. மகத்தான படம் அது, சந்தேகமில்லை. அந்தப் பையனைப் பற்றிய ஆவணமா என்று கேட்டால், ஆர்பஸைப் பற்றிய ஆவணம் என்பேன். போட்டிகளுக்கு வரும் குழந்தைப் படங்களைத் தீர்ப்புச் சொல்ல உட்காருபவர்கள் ஒரு படத்தோடு நிற்காமல் முன்னும் பின்னும் எடுத்த கட்டங்களையும் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். இன்றைக்கு எல்லாம் டிஜிட்டல். தேதியும் நிமிஷமும் கோப்பிலேயே பதிந்திருக்கும்.

வேடம் விளையாட்டாக இல்லாமல் பிழைப்பாக இருக்கும் குழந்தையைப் பற்றி இதுவரை பேசவில்லை. அங்கே கேள்வி இன்னும் உறைக்கிறது. அமெரிக்கப் படக்காரர் மேரி எலன் மார்க் 1989, 90இல் இந்தியா முழுக்கச் சுற்றிப் பதினெட்டு சர்க்கஸ்களைப் படம் எடுத்தார். 1993இல் ‘இந்தியன் சர்க்கஸ்’ புத்தகமாக வந்தது. அதில் குஜராத் உப்லேட்டாவில் கிரேட் ராஜ்கமல் சர்க்கஸில் 1989இல் எடுத்த படம் மிகப் பிரபலம். உடலை வில்லாக வளைக்கும் ஒரு சிறுமி, மினுங்கும் உடையில். கூடவே ஸ்வீட்டி என்ற நாய்க்குட்டி. காட்சி நேரமில்லை, வட்டக் களமும் இல்லை. வேடத்தோடு இருக்கிறாள், ஆனால் பார்வையாளர் யாரும் இல்லை, படக்காரரைத் தவிர. வேடம் கட்டுபவர்களைக் கூடாரத்துக்கு வெளியே, ஆட்டத்துக்கு முன்னோ பின்னோ பிடிப்பதுதான் மார்க்கின் வழி. அதனால் இவர்கள் நமக்கு வித்தைக்காரர்களாக மட்டும் தெரியாமல், வேலை செய்பவர்களாகவும் தெரிகிறார்கள்.

என் பாராட்டும் சங்கடமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அந்தச் சிறுமியின் முதுகு வளைந்தது பயிற்சியாளர் சொல்லித்தான், மார்க்கின் கேமரா முன்னால் இன்னொரு முறை வளைந்தது. படத்தின் அழகு அந்த வளைவில் இருக்கிறது, அதன் கொடுமையும் அங்கேயே இருக்கிறது. படம் இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை. தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தொடங்கிவைத்த சர்க்கஸ் பள்ளி மரபின் வாரிசுகள் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கோவையிலும் கூடாரம் அடித்தவர்கள்தான். அந்தக் கூடாரங்களில் கைதட்டிய தலைமுறை நம்முடையது. நமக்கும் இரண்டும் பிரிந்து தெரியவில்லை. குழந்தை உரிமை அமைப்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் 2006இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்து, சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யச் சொன்னது. அதற்குப் பிறகு மார்க்கின் புத்தகம் வேறு புத்தகமாகிவிட்டது. எடுத்தபோது வியப்பு மேலோங்கியிருந்த படங்கள், நடந்த ஒன்றுக்கு இன்றைக்குச் சாட்சிகள். ஒரு ஆவணப் படத்தின் மதிப்பு அதை எடுத்த நாளோடு முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் கலை விமர்சனத்தைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது சினிமா, தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் ஆகியவற்றில் குழந்தை கலைஞராக நடிக்கலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். சர்க்கஸுக்கு விலக்கு இல்லை என்று தனியாக எழுதினார்கள். 2017இல் வந்த விதிகள், ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது என்கின்றன. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக நடிக்கவைக்கக் கூடாது. கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் படப்பிடிப்பு வண்டிகள் போகும் சாலையோரம் இருப்பவர்கள் இந்த விதியைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இதற்குப் பக்கத்தில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது அது. சினிமா விதி குழந்தையிடம் கேட்கச் சொல்கிறது, தரவுச் சட்டம் பெற்றோரிடம் கேட்டால் போதும் என்கிறது. அம்மாவே எடுத்து, அம்மாவே ஏற்றும் ரீல்ஸில் ஆடும் பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவில் நழுவிவிடுகிறது. அங்கே போஸ் வைப்பவரும் சம்மதம் கொடுப்பவரும் ஒரே ஆள்.

கொங்குப் பகுதியில் இன்றைக்குக் குழந்தைகள் அதிகம் ஆடும் மேடை வள்ளி கும்மி. முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாட்டாகப் பாடி, கைதட்டி அடியெடுத்து வைத்துச் சுற்றும் ஆட்டம். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த மூத்த ஆசான் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் ஆடிய கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தது அவர் பெருமைகளில் ஒன்று. இன்றைக்கு ஊருக்கு ஊர் அரங்கேற்றம் நடக்கிறது. ஒரே நிறச் சேலை, ஒரே அளவு பூ, பள்ளிச் சிறுமியும் அவள் பாட்டியும் ஒரே வரிசையில். மூன்று தலைமுறை ஒன்றாக ஆடும் கலை வேறு எத்தனை இருக்கின்றன? இந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தச் சிறுமிகளில் பலருக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டுக்கு வெளியே இருக்கக் கிடைத்த முதல் அனுமதியே கும்மிப் பயிற்சியாக இருக்கும்.

ஆனால் இந்த ஆட்டத்தின் படங்கள் பெரும்பாலும் டிரோனில் எடுத்தவை. மேலிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம், கோலம் போட்டதுபோல. முகம் கிடையாது, ஓரம் கிடையாது. அடி தவறி, பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் ஒன்பது வயசுப் பிள்ளை அந்த உயரத்திலிருந்து தெரியாது. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, அதற்குள் பள்ளிச் சீருடைக் கால்சட்டை தெரிய, ஓய்வு நேரத்தில் தண்ணீர் குடிக்கும் பிள்ளையும் தெரியாது. அதைவிட முக்கியமாக, மேடை ஒலிபெருக்கியில் என்ன சொல்லப்படுகிறது என்பதும் தெரியாது. சில நிகழ்ச்சிகளில் ஆடவந்த பெண்களிடம் சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வோம் என்று உறுதிமொழி வாங்கியது சில வருஷங்களுக்கு முன் பெரிய சர்ச்சையாயிற்று. கும்மிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆசான்கள் பலர் சொல்வார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அந்தக் கணத்தில் ஒரு சிறுமி கையை நீட்டி நிற்பதும் ஒரு போஸ்தான். அது யார் வைத்தது என்று கேட்காமல் அவளைப் படம் எடுத்து ‘பண்பாடு’ என்று தலைப்புப் போடுபவர் ஆவணக்காரர் ஆகமாட்டார், விளம்பரக்காரர் ஆவார். டிரோன் படத்தை அழகான படம் என்று ஒத்துக்கொள்கிறேன். குழந்தைகளைப் பற்றிய ஆவணம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டிரோனுக்குத் தெரியாத அந்த முகம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய சாட்சி, வேடம் கட்டிய குழந்தைகளை எடுப்பதில் பெயர்பெற்ற முன்னோடி ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அன்னச் சிறகு கட்டித் தேவதைகளாக்கி, 1879இல் இலங்கையில் இறந்தவர். நூற்றைம்பது வருஷமாகியும் அந்தத் தேவதைப் பிள்ளைகளின் முகத்தில் நாம் முதலில் பார்ப்பது அலுப்பைத்தான். சிறகு பொய் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். படத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த அலுப்பு.

கிணத்துக்கடவிலும் சுற்றுவட்டாரத்திலும் கேமரா பிடிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. வேடம் கட்டிய பிள்ளையைப் படம் எடுத்தால் அடியில் இடத்தையும் தேதியையும் எழுதுவதோடு, அந்த வேடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்றும் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம். ‘டீச்சர் சொன்னார்’, ‘அப்பா ஆசைப்பட்டார்’, ‘அவளே கேட்டாள்’ என்று எது உண்மையோ அது. எடுத்ததில் எதை வெளியிடலாம் என்று பிள்ளையிடம் ஒரு முறை காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு பிரதி அச்சிட்டு அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள், அம்மாவின் செல்போனுக்கு அனுப்பினால் போதாது. அஞ்சலட்டை அளவுக்கு ஒரு பிரதி போட இன்றைக்கு ஒரு டீ விலைதான் ஆகும்.